மறதி பத்து நொடி

உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்கார், ஃபேன் நேராக அடிக்கும்.

கீழே டீக்கடையில் வழி கேட்டிருப்பாய். வழியோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லியிருப்பான். ‘கனியக்காவா? படுக்கையில கிடந்த பொம்பளையோட பேச்சைப் பிடுங்கினவளாச்சே.’ சொன்னானா இல்லையா? சிரிக்காதே. ரிச்சி தெருவில் இப்போது அதுதான் என் விலாசம். பரணி உட்கார்ந்த இடத்துக்கு நீ வந்திருக்கிறாய். அவன் எழுதி வைத்ததைத்தான் நீ திறந்து பார்க்கப்போகிறாய். அதனால் நடந்ததை என் வாயால் கேட்டுக்கொள். கேட்டுவிட்டு நீயே சொல், நான் செய்ததில் என்ன தப்பு. ஒரே ஒரு டிக் எடுத்தேன். அவ்வளவுதான். ஒரு டிக்.

என் பெயர் செல்லக்கனி. ஊர் சாத்தான்குளம் பக்கம். பன்னிரண்டு வயதில் சித்தப்பா கடைக்கு வேலைக்கு வந்தேன், இதே தெரு, டிவி ரிப்பேர். ஒருநாள் ரிமோட்டை ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டேன். சித்தப்பா திட்டவில்லை. கையில் இருந்த சால்டரிங் அயர்னை அப்படியே என் மணிக்கட்டில் வைத்தார். இதோ, பார். ‘இனிமே மறக்கமாட்டே’ என்றார். மறக்கவில்லை.

அப்புறம் பிளாட்பாரத்தில் தார்ப்பாய் விரித்து ரிமோட் கவர் விற்றேன். ஒன்பது வருஷம். பேரம் அங்கே படித்ததுதான். பேரம் பேச விலை தெரிந்தால் போதும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். விலை கிடக்கட்டும். எது இல்லாமல் இந்த ஆளால் வீட்டுக்குப் போக முடியாது என்று பார். அது தெரிந்துவிட்டால் பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். அவன் பேசிப் பேசித் தானே இறங்கி வருவான். இந்தக் கட்டிடத்தின் இரண்டு மாடியும் அப்படி வந்ததுதான்.

கீபோர்டுக்கு வந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். நீ படித்தவள், உனக்குத் தெரியும். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சாதாரண கீபோர்டுக்கு இரண்டே விஷயம்தான் தெரியும், பட்டனை அழுத்தினாயா, இல்லையா. இது அப்படி இல்லை. ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஒரு பொட்டுக் காந்தம். எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தலைமுடி கனத்துக்கு அளந்து சொல்லும். கேம் ஆடுகிற பையன்கள் இதற்கு உயிரை விடுகிறார்கள். எதிராளியின் பட்டன் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால்தான் கேட்கும், என்னுடையது புள்ளி இரண்டிலேயே கேட்கும் என்றால் யார் முதலில் சுடுவான்? சீனாவிலிருந்து போர்டு இறக்கினேன். பெட்டியில் பல்லைக் காட்டுகிற புலி. ‘வேங்கை’ என்று பெயர். கீழே பெரிய எழுத்தில் புள்ளி இரண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை பரணி வந்தான். பரணிதரன். நாற்பது வயதிருக்கும், முன்வழுக்கை, சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர். கையில் என் கீபோர்டு. திருப்பிக் கொடுக்க வந்த கிராக்கி என்று நான் குரலை ஏற்றத் தயாரானேன். அவன் போர்டை மேஜையில் வைத்து, “இது பொய் சொல்லுதுக்கா” என்றான். திரையில் புள்ளி இரண்டு என்று காட்டுகிறதாம், உள்ளே புள்ளி ஆறில்தான் கேட்கிறதாம். சீனாக்காரன் எழுதின ஃபர்ம்வேர், அதுதான் போர்டுக்குள்ளேயே ஓடுகிற புரோகிராம், அதை முழுக்க அழித்துவிட்டுத் தானே வேறு எழுதிவிட்டானாம். இப்போது உண்மையிலேயே புள்ளி இரண்டாம். வேண்டுமா என்று கேட்க வந்திருக்கிறான். அழித்து எழுதியவன் வந்து வேண்டுமா என்று கேட்கிறான், பார்த்துக்கொள்.

நீ கேம் ஆடுவாயா என்றேன். இல்லை என்றான். பிறகு எதற்குப் புள்ளி இரண்டு? பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தான். அங்கேதான் எனக்கு மணி அடித்தது. காபி சொன்னேன். குரலை இறக்கிக் கேட்டேன். “வீட்ல யாரு யாரு இருக்காங்க?”

ஒரு காபி ஆறுவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டான். பெண்டாட்டி பெயர் நித்திலா. கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை பார்த்தவள். சிலிண்டர் வரவில்லை என்று கத்துகிறவனையெல்லாம் நாலு வார்த்தையில் அடக்குவாளாம். அவளுக்கு ஒரு வியாதி. முதலில் கால், பிறகு கை, பிறகு நாக்கு, ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டே வருகிறது. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. வலது கையில் விரல்கள் கொஞ்சம் அசையும். நாலு விரலுக்கு நாலு பட்டன், திரையில் ஓடுகிற வார்த்தைகளைப் பொறுக்கிக்கொள்வாள், கம்ப்யூட்டர் அதைப் பேசும். கட்டைவிரலுக்கு ஒரு பட்டன், அதை அழுத்தினால் ‘பாக்கியம்’ என்று கூப்பிடும். பாக்கியம் பகலில் பார்த்துக்கொள்கிற அம்மாள். ஆனால் அவள் விரல் அழுத்துவது நம்ம மாதிரி இல்லை. புள்ளி இரண்டு இறங்கப் பதினைந்து நொடி ஆகும். அதற்குமேல் இறங்கவும் இறங்காது. உலகத்தில் அந்த விரலுக்குக் கேட்கிற போர்டு ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

அப்புறம் பேரத்தில் பேச என்ன இருக்கிறது? அவன் கேட்ட சம்பளத்தில் பாதியில் முடித்தேன். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்று. போர்டு எத்தனை தடவை மாறினாலும் நித்திலாவுக்கு ஒரு போர்டு, அவள் விரல் அதில் எப்போதும் கேட்கவேண்டும். சரி என்றேன். இனாமாகக் கொடுத்தேன்மா. கடையில் வாங்கினால் என்ன விலை தெரியுமா அது? இந்தத் தெருவில் எவன் கொடுப்பான்?

வேலைக்காரன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். சாஃப்ட்வேரை முழுக்கத் தமிழில் செய்தான். எனக்கு இங்கிலீஷ் வராது என்று எனக்காகவே ஒரு பேனல் பண்ணிக் கொடுத்தான், இதோ இந்தத் திரையில் ஓடுகிறதே, இதுதான். வெளியே போன போர்டெல்லாம் இதில் தெரியும். எது நெட்டில் இருக்கிறது, எது எத்தனை தடவை அழுத்தப்பட்டது, எல்லாம். கீழே ஒரு பட்டன், ‘எல்லாருக்கும் அனுப்பு’. அதைத் தொட்டால் புது ஃபர்ம்வேர் எல்லாப் போர்டுக்கும் போய் உட்கார்ந்துவிடும். இரண்டு கடை தள்ளி ஒருத்தன் எங்கள் ஃபர்ம்வேரைத் திருடிக் கள்ளப் போர்டில் போட்டான் என்று ஒரு பூட்டும் போடச் சொன்னேன். எங்கள் முத்திரை இல்லாத எதுவும் எங்கள் போர்டுக்குள் ஏறாது. முத்திரை ஒரு பென் டிரைவில் இருக்கிறது. பூட்டு அவன் செய்தது, சாவி என் ஹேண்ட்பேக்கில்.

ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன், அயனாவரம். ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன், வெறுங்கையோடு போகவில்லை. பரணியை ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லவேண்டும். அவன் நித்திலாவைக் கேட்கவேண்டும் என்றான். சரி, நானே கேட்கிறேன் என்று போனேன். கட்டிலைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கண் மட்டும் என்னை மேலும் கீழும் அளந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் விரல் பட்டனில் இருந்தது. பதில் எழுதுகிறாள் என்று தெரிந்தது. ஒரு நிமிஷம் ஆகிறது, இரண்டு நிமிஷம் ஆகிறது. அவள் கண் என் முகத்தை விட்டு எடுக்கவில்லை. நான் பேச ஆரம்பித்துவிட்டேன். முழு ஞாயிறு வேண்டாம், பாதி ஞாயிறு போதும் என்றேன். அப்புறமும் சத்தம் இல்லை. சரிம்மா, மாசத்துக்கு ஒரு ஞாயிறு என்றேன். சத்தம் இல்லை. சரி விடு, ஞாயிறே வேண்டாம், சனிக்கிழமை கொஞ்சம் கூட இருக்கட்டும் என்றேன். அப்போது கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது.

“அக்கா, தண்ணி குடிங்க.”

அவ்வளவுதான். நாலு நிமிஷமாக அவள் எழுதினது அதைத்தான். பரணி சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான். பாக்கியம் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். முப்பத்தைந்து வருஷ வியாபாரத்தில் என்னை இறக்கினவள் ஒருத்திதான். அதுவும் விரலைத் தூக்க முடியாதவள். வெளியே வரும்போது அந்தக் கம்ப்யூட்டர் இன்னொன்று சொன்னது. “சாத்துக்குடி நல்லா இருக்கு. பேரம் பேசியா வாங்கினீங்க?” நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் இறங்கவில்லை.

போன சித்திரைக்கு வருவோம். கத்திரி வெயில். திடீரென்று ஊர் முழுக்க ஒரே புகார். கீபோர்டு தானாக டைப் அடிக்கிறது. ஒரு பையன் வீடியோ போட்டான், மேஜையில் என் போர்டு, யாரும் தொடவில்லை, திரையில் ‘ககககக’ என்று ஓடுகிறது. பின்னால் பேய்ப் பாட்டு வேறு. ‘வேங்கை இல்ல மக்களே, மோகினி’ என்கிறான். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை.

பரணி உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெயில்தான் என்றான். சூட்டில் காந்தத்தின் அளவு நகர்கிறது. யாரோ மெதுவாக அழுத்துகிற மாதிரி போர்டுக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் நல்ல காந்தமாக வாங்கியிருந்தால் இவ்வளவு நகராது என்றான். அது இப்போது எதற்கு? நான் கேட்டது மருந்து. அவன் எழுதிக் கொண்டுவந்தான். ரொம்ப மெதுவாக இறங்குகிற பட்டனை விரல் என்று எடுத்துக்கொள்ளாதே, வெயில் என்று எடுத்துக்கொள், அந்த அளவையே தொடக்கம் என்று வைத்துக்கொண்டு பழசை மறந்துவிடு. இவ்வளவுதான். அதற்கு அவனே ஒரு பெயர் வைத்திருந்தான், ‘மறதி’. எத்தனை நொடிக்கு மேல் இழுத்தால் மறக்கலாம் என்பது ஒரு எண். அவன் அறுபது என்றான். வெயில் ஒரு பட்டனை இறக்க அரைமணி நேரம் எடுக்கும், அறுபது தாராளம் என்றான்.

நான் ஐந்து என்றேன்.

அறுபது நொடி வரைக்கும் ‘ககக’ ஓடலாமா? பெட்டியில் போட ஒரு எண் வேண்டாமா? போட்டிக்காரன் முப்பது என்று போட்டிருக்கிறான். ‘பத்தே நொடியில் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வேங்கை.’ கேட்கவே எப்படி இருக்கிறது. பத்தில் முடித்தேன். பரணி அன்றைக்கு மட்டும் கொஞ்சம் வாதாடினான். “அறுபது வச்சா நித்திலாவுக்கும் ஒத்துவரும்கா. பத்துன்னா அவ விரலும் வெயிலும் அதுக்கு ஒண்ணுதான்” என்றான். உன் பெண்டாட்டிக்காக ஊருக்கெல்லாம் எண்ணை மாற்றுவாயா, அவளுக்குத் தனியாக எழுதிக்கொள் என்றேன். எழுதிக்கொண்டான். பேனலில் ஒரு வரி. ‘நித்திலா – மறக்காதே’. பக்கத்தில் ஒரு கட்டம், அதில் டிக். நான் தடுத்தேனா? தடுக்கவில்லையே.

புகார் நின்றது. மோகினி வீடியோ போட்டவனே இன்னொரு வீடியோ போட்டான். நான் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே பரணி வந்து நிற்கிறான், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது என்று. கேம் கீபோர்டு இல்லையாம். கை கால் வராதவர்களுக்கென்றே செய்யப்போகிறார்களாம். நித்திலாவுக்கும் அதில் வேலை உண்டாம், ஒவ்வொரு போர்டையும் அவள் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுவார்களாம். ஒரு மாசம் இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றான். முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன் மாதிரி.

எனக்குக் காதில் அனல் அடித்தது. சம்பளம் ஏற்றுகிறேன் என்றேன். சம்பளம் இல்லைக்கா என்றான். மாடியில் தனி அறை, ஏசி என்றேன். தலையை ஆட்டினான். நான் கொடுத்த போர்டில் உன் பெண்டாட்டி பேசுகிறாள், அந்த நன்றி இருக்கிறதா என்றேன். “இருக்குக்கா. அதனாலதான் ஒரு மாசம் இருக்கேன்கறேன்” என்றான். நன்றிக்கு ஒரு மாசமாம்.

அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் கோயம்புத்தூர் போனான், அவர்களைப் பார்க்க. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். பதினொரு மணி இருக்கும். இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேனலைத் திறந்தேன். ‘நித்திலா – மறக்காதே’. டிக்கை எடுத்தேன். பென் டிரைவைச் செருகினேன். ‘எல்லாருக்கும் அனுப்பு’. நாலாயிரம் போர்டுக்குப் போனது. எல்லாருக்கும் ஒரே சட்டம், ஒருத்தி மட்டும் என்ன உசத்தி? கெடுதல் செய்ய நினைக்கவில்லைம்மா, சத்தியமாகச் சொல்கிறேன். சாயங்காலத்துக்குள் பரணிக்கு விஷயம் போகும், எனக்குப் போன் பண்ணுவான், நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன், அவன் பேசிப் பேசி இறங்குவான், நான் டிக் போடுவேன். பேரம் என்றால் இப்படித்தானே? போகிறதற்கு முன்னால் நித்திலா போர்டின் நெட் ஒயரைப் பரணி ஏன் பிடுங்கி வைக்கவில்லை என்று பின்னால் யோசித்தேன். அவன் மூளைக்கு அது தோன்றியிருக்கவேண்டும். என்னவோ, என்னை நம்பிவிட்டான் போல.

நான் போனை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளிசாதம் சாப்பிட்டேன். பொழுது போகாமல் பேனலைப் பார்த்தேன். ஒவ்வொரு போர்டுக்கும் எதிரில் ஒரு எண் வரும், ‘வெயில் திருத்தம்’ என்று. மெதுவாக இறங்கின பட்டனை எத்தனை தடவை வெயில் என்று தள்ளியிருக்கிறது என்று கணக்கு. மற்ற போர்டெல்லாம் நாலு, ஐந்து. நித்திலா போர்டில் மட்டும் நாற்பது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றுப் பத்து. அயனாவரத்தில் இவ்வளவு வெயிலா என்று நினைத்தேன். மருந்து எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்றும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

போன் நாலரை மணிக்கு வந்தது. பரணி இல்லை, பாக்கியம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், சார் போனை எடுக்கவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று அழுகிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான். அந்த அறைக்கு மேற்கே ஜன்னல். மதியம் ஆனால் வெயில் நேராகக் கட்டிலில் விழும். நித்திலா தினமும் ‘பாக்கியம்’ என்று கூப்பிடுவாள், பாக்கியம் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். அன்றைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் தூங்குகிறாள் என்று பாக்கியம் முன்னறையில் டிவி பார்த்தாள். ஒரு தடவை எட்டிப் பார்த்தாளாம், கண் மூடியிருந்ததாம். வெயில் முகத்தில் அடித்தால் யார்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள்? தண்ணீரும் கேட்கவில்லை. இரண்டரை மணி நேரம். ஒரு பக்கக் கன்னம் கொப்பளித்துவிட்டது. அதற்கு நான் என்ன பண்ண? திரையை இழுப்பது பாக்கியத்தின் வேலை. சம்பளம் வாங்குகிறவள் அவள்.

ஐந்தாம் நாள் பரணி வந்தான். கத்துவான் என்று நான் தயாராக இருந்தேன். கத்தினால் எனக்கு நல்லது, கத்துகிறவனை எனக்குத் தெரியும். அவன் நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்தான். பேனலை அவனே திறந்தான். நித்திலா வரியைக் காட்டினான். வெயில் திருத்தம், முந்நூற்றுப் பதினொன்று.

“இது வெயில் இல்லக்கா” என்றான். “அவ கூப்பிட்டது.”

நான் பேசவில்லை. அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜெயிக்கிற இடம் அது, வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான். கோயம்புத்தூர் வேண்டாம், இங்கேயே இருக்கிறேன், டிக் போடுங்கள் என்றான். வேறு போர்டு வாங்கி எழுத ஆறு மாசம் ஆகும், அவளுக்கு அவ்வளவு மாசம் இருக்கிறதா தெரியாது என்றான். பார்த்தாயா, நான் கேட்கவேண்டிய வேலையே இல்லை, அவனே எல்லாம் சொன்னான். அங்கேயே, அவன் கண் முன்னாலேயே டிக் போட்டு அனுப்பினேன். வாக்கு என்றால் வாக்கு.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். முடித்திருப்பேன். அந்தப் பொம்பளைதான் முடிக்கவிடவில்லை.

பேனலில் பார்க்கிறேன், போர்டு நெட்டில் இருக்கிறது. டிக் இருக்கிறது. அழுத்தம், பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். ஒரு வாரம் பூஜ்யம். போர்டு கெட்டுவிட்டதா என்று பரணியைக் கேட்டால், நல்லாத்தான் இருக்கு என்கிறான். சரி, நேரில் பார்க்கலாம் என்று போனேன். இந்தத் தடவை ஆப்பிள். கன்னத்தில் தோல் உரிந்து இரண்டு நிறமாக இருந்தது. விரல்கள் பட்டன் மேல்தான் இருந்தன, நாலும் கட்டைவிரலும். நான் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். புது போர்டு தருகிறேன் என்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பரணிக்குச் சனிக்கிழமையும் லீவு என்றேன். பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு இன்னொரு ஆள் வைக்கிறேன், சம்பளம் என்னுடையது என்றேன். பார், நான் எவ்வளவு தூரம் இறங்குகிறேன் என்று பார். எழுதுகிறாள், எழுதுகிறாள் என்றே நினைத்தேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அந்தக் கம்ப்யூட்டர் ‘தண்ணி குடிங்க’ என்றாவது சொல்லும் என்று காத்திருந்தேன். போனில் பேனலைத் திறந்து மேஜைக்கடியில் பார்த்தேன். அழுத்தம், பூஜ்யம். அவள் எழுதவே இல்லை.

பரணி சொன்னான். “டிக் இருந்தா பேசலாம், இல்லன்னா முடியாதுங்கற பேச்சு வேண்டாம்னுட்டா. இனி நீங்க பிடிச்சுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லக்கா.”

வாயைத் திறக்காமல் எப்படிச் சொன்னாள் என்றேன். கண்ணால் என்றான். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அவன் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போவானாம், அவள் கண்ணை மூடி மூடித் திறப்பாளாம். கேஸ் ஏஜென்சியையே நாலு வார்த்தையில் ஆட்டி வைத்தவள். இருக்கிற வார்த்தையெல்லாம் விட்டுவிட்டு, ஆமாம் இல்லை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள். திமிர்தானே? எனக்கு எதிராக இதைச் செய்தால் எனக்கா நஷ்டம்? சரி, எனக்கு நஷ்டம்தான். வேண்டாம் என்கிறவளிடம் எதை வைத்துப் பேரம் பேசுவது? பரணி அந்த மாசமே போய்விட்டான். ஒரு வரி விடாமல் எல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான், அதில் குறை சொல்லமாட்டேன். இரண்டு நாள் கழித்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே அந்தப் போர்டு. துடைத்துச் சுத்தமாக. சீட்டு எதுவும் இல்லை.

இதோ, இதுதான். ஐந்து பட்டனில் மட்டும் எழுத்து மழுங்கியிருக்கிறது பார். தூக்கிப் போட மனசு வரவில்லை, நல்ல பொருள். நீயே தொட்டுப் பார். அப்படி இல்லை, நீ வேகமாக அழுத்துகிறாய். மெதுவாக. இன்னும் மெதுவாக. விரலை அதன் மேல் மறந்து வைத்த மாதிரி. டிக் இருக்கிறது, பயப்படாதே. பத்து… பதிமூன்று… பதினைந்து. ‘ம’ வந்ததா? வந்தது இல்லையா? எவ்வளவு நுணுக்கம்.

இப்போது டிக்கை எடுக்கிறேன். திரும்ப அழுத்து. அதே மாதிரி, மெதுவாக. எண்ணிக்கொண்டே வா. எட்டு, ஒன்பது, பத்து. அழுத்திக்கொண்டேதான் இருக்கிறாயா? விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறாயே, பாவம். திரையைப் பார். ஒன்றும் வராது. நீ அங்கே இருக்கிறாய் என்றே அதற்குத் தெரியாது. இதோ இங்கே பார், ஒன்று ஏறியிருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

கையை எடுத்துக்கொள். வேலை பிடித்திருக்கிறது இல்லையா? சம்பளத்தை அப்புறம் பேசுவோம். காபி சொல்கிறேன், இரு. ஆமாம், கேட்கவே மறந்துவிட்டேன் பார்.

உன் வீட்ல யாரு யாரும்மா இருக்காங்க?